வேலை போன பிறகு: இ.எஸ்.ஐ., பி.எஃப். பணமும் அதைச் சுற்றிக் காத்திருப்பவர்களும்

கேள்வி சுருக்கமாக இது. ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், ஒப்பந்தக்காரர் மூலமாக மூன்று வருடம் நான்கு மாதம் வேலை பார்த்திருக்கிறார். மாதச் சம்பளம் 18,500. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் பிடித்திருக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் ‘ஆர்டர் இல்லை, நாளையிலிருந்து வரவேண்டாம்’ என்று சொல்லிவிட்டார்கள். ராஜினாமா கடிதம் கொடுத்தால்தான் பாக்கிச் சம்பளம் என்கிறார் சூப்பர்வைசர். இதற்கு நடுவே வாட்ஸ்அப்பில் ஒருவர், வேலை இல்லாதவர்களுக்கு மத்திய அரசு மாதம் 3,500 ரூபாய் தருகிறது, 1,500 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டினால் வாங்கித் தருகிறேன் என்கிறார். என்ன செய்வது? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

தம்பி, கடைசியில் இருப்பதை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த 1,500 ரூபாயைக் கட்டாதீர்கள். ‘பிரதம மந்திரி பேரோஜ்காரி பத்தா யோஜனா’ என்று மாதம் 3,500 ரூபாய் தரும் மத்திய அரசுத் திட்டம் எதுவும் கிடையாது. மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகமே உண்மை சரிபார்ப்புப் பிரிவு மூலமாக இதைப் பொய் என்று பலமுறை அறிவித்திருக்கிறது. ஆனாலும் அந்தச் செய்தி சாகவில்லை. வருடா வருடம் புதுப் படத்தோடு, புது இணைப்போடு வந்துகொண்டேதான் இருக்கிறது. வேலை போனவர்கள் வருடா வருடம் புதிதாக வருகிறார்கள் அல்லவா.

இப்போது உங்களுக்கு உண்மையிலேயே வரவேண்டிய பணத்தைப் பார்ப்போம். நான் பதினாறு வருடம் ஒரு பட்டறையின் பர்சனல் பிரிவில் உட்கார்ந்து பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான் போட்டவன். மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ராஜினாமா கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். எழுதிக் கொடுத்துவிட்டீர்களா, இல்லையா? கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். ‘சும்மா ஃபார்மாலிட்டிக்குத்தான் தம்பி’ என்பார்கள். அது ஃபார்மாலிட்டி இல்லை. அவர்கள் உங்களை நிறுத்தினால் அது ஆட்குறைப்பு. நீங்களாக எழுதிக் கொடுத்தால் நீங்களாகப் போனது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் தரவேண்டும், அல்லது அதற்கான சம்பளம் தரவேண்டும். அதற்கு மேல், வேலை பார்த்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம். உங்கள் சம்பளத்துக்கு நோட்டீஸ் பணம் 18,500. மூன்று ஆண்டுக்கு இழப்பீடு ஏறத்தாழ 27,750. இதோடு இ.எஸ்.ஐ. உதவித்தொகையும் சேரும், அதைக் கீழே சொல்கிறேன். ராஜினாமா கொடுத்தால் இவை எல்லாமே கேள்விக்குறி. பாக்கிச் சம்பளம் என்று அவர் ஆட்டிக் காட்டுவது எவ்வளவு இருக்கும்? இருபது நாள் கூலியா? அது கடிதம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சட்டப்படி உங்களுக்குச் சேரவேண்டியதுதான்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சேரும்போது ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை’ என்று குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்து, அந்தக் காலம் முடிந்துதான் நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் அதை ஆட்குறைப்பு என்று வாதாடுவது கஷ்டம். அந்தத் தாள் உங்கள் கையில் இருந்தால் எடுத்துப் படியுங்கள். ஏற்கெனவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டீர்கள் என்றாலும், என்ன சூழ்நிலையில் எழுதி வாங்கினார்கள் என்று தேதி போட்டு ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு, நகலோடு தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போங்கள். சூப்பர்வைசர் ‘வரவேண்டாம்’ என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். போன் மாற்றினால் முதலில் அதைக் காப்பாற்றுங்கள்.

இங்கே என் பாவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாதா மாதம் இ.எஸ்.ஐ. சந்தா ஏற்றும்போது, ஒரு தொழிலாளிக்கு வேலை நாள் பூஜ்யம் என்றால் கணினி காரணம் கேட்கும். எண் போடவேண்டும். 1 என்றால் விடுப்பு. 2 என்றால் வேலையை விட்டுவிட்டார். 10 என்றால் ஆட்குறைப்பு. நான் என்ன செய்தேன்? நின்றவர்கள் எல்லாருக்கும் 2, 2, 2 என்று மேலிருந்து கீழே இழுத்து நிரப்பிவிட்டு டீ குடிக்கப் போவேன். கடைசி தேதி நெருங்கும் அவசரத்தில் எல்லா ஊரிலும் அப்படித்தான் நடக்கும். முதலாளி சொல்லிச் செய்ததுகூட இல்லை. அந்த 2 ஒரு மனிதனின் உதவித்தொகையை இழுத்தடிக்கும் என்று, வேலை போன ஒரு பிரஸ் ஆபரேட்டர் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலிருந்து திரும்பி வந்து என் மேசை முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. அதனால் சொல்கிறேன்: ஒப்பந்தக்காரர் அலுவலகத்தில் அந்தக் கணினி வேலையைச் செய்யும் பையனைக் கண்டுபிடியுங்கள். செப்டம்பர் மாதச் சந்தா ஏற்றும்போது என்ன காரணம் போடப்போகிறார் என்று நயமாகக் கேளுங்கள். முதலாளியிடம் பேசுவதைவிட சில நேரம் அவரிடம் பேசுவது பலிக்கும்.

அடுத்து இ.எஸ்.ஐ. பணம். அது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் என்று முக்கால்வாசிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம் என்று போகும் அந்தப் பணத்தில் வேலையிழப்புக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இரண்டு திட்டங்கள்.

ஒன்று ‘அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா’. 2018 ஜூலையில் வந்தது. முதலில் 25 சதவீதம்தான் தந்தார்கள். கொரோனா நேரத்தில், 2020ல், அதை 50 சதவீதமாக்கினார்கள். வேலை போய் 90 நாள் காத்திருக்க வேண்டும் என்பதையும் 30 நாளாகக் குறைத்தார்கள். வாழ்நாளில் மொத்தம் 90 நாளுக்குத்தான் கிடைக்கும். தகுதி: குறைந்தது இரண்டு வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய சந்தா காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அந்த இரண்டு வருடத்தின் மற்ற மூன்று சந்தா காலங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் இருக்க வேண்டும். சந்தா காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என ஆறு ஆறு மாதம். நீங்கள் ஒரே இடத்தில் தொடர்ந்து மூன்று வருடத்துக்கு மேல் இருந்தவர், நாள் கணக்கில் பிரச்சினை வராது.

தொகை எவ்வளவு? கடைசி நான்கு சந்தா காலத்தில் வாங்கிய சம்பளத்தைக் கூட்டி 730 ஆல் வகுப்பார்கள். 18,500 வீதம் 24 மாதத்துக்கு 4,44,000. 730 ஆல் வகுத்தால் நாளுக்கு 608. அதில் பாதி 304. தொண்ணூறு நாளுக்கு 27,370 ரூபாய் சொச்சம். பெரிய பணம் இல்லை. ஆனால் மூன்று மாத வீட்டு வாடகையும் மளிகையும் ஓரளவு ஓடும்.

யாருக்குக் கிடைக்காது என்பதையும் பாருங்கள்: தானாக வேலையை விட்டவர், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர், விருப்ப ஓய்வு வாங்கியவர், ஓய்வு வயதை எட்டியவர், கதவடைப்பில் அல்லது சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்ட வேலைநிறுத்தத்தில் இருப்பவர். முதலாவதாக இருப்பதைத் திரும்பப் படியுங்கள். ராஜினாமா கடிதத்தைப் பற்றி நான் ஏன் இவ்வளவு நேரம் பேசினேன் என்று புரியும்.

இன்னொன்று 2005 ஏப்ரலிலிருந்து இருக்கும் ‘ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா’. ஆலை மூடல் அல்லது ஆட்குறைப்பால் வேலை இழந்தவருக்கும், வேலைக்குத் தொடர்பில்லாத காயத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாமல் நிரந்தரமாக முடங்கியவருக்கும் உரியது. 24 மாதம் வரை தருவார்கள்: முதல் 12 மாதம் சராசரி நாள் ஊதியத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். 90 நாள் எங்கே, 24 மாதம் எங்கே! ஆனால் இதற்கு ஆட்குறைப்பு என்பது காகிதத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் இதை வாங்குபவர்கள் குறைவு. கிளை அலுவலகத்துக்குப் போகும்போது இரண்டு திட்டத்தின் பெயரையும் தாளில் எழுதிக்கொண்டு போய், ‘எனக்கு எது பொருந்தும்?’ என்று கேளுங்கள். பெயர் சொல்லாமல் ‘வேலையில்லா பணம்’ என்று கேட்டால், ‘அதெல்லாம் இங்கே இல்லை’ என்று அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.

விண்ணப்பிப்பது இலவசம். இ.எஸ்.ஐ. இணையதளத்தில் காப்பீட்டாளருக்கான பகுதியில் உங்கள் பத்து இலக்கக் காப்பீட்டு எண்ணைப் போட்டு நுழைந்து, அடல் திட்டத்துக்கான விண்ணப்பத்தை நீங்களே போடலாம். ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரத்தோடு கிளை அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். முதலாளி கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்பது பழைய முறை, இப்போது நேரடியாகவே கொடுக்கலாம். அடல் திட்டத்தைக் காலக்கெடு வைத்து அவ்வப்போது நீட்டித்து வருகிறார்கள். அதனால் போகும் முன் 1800-11-2526 என்ற இ.எஸ்.ஐ. இலவச எண்ணில் கூப்பிட்டு, இன்றைக்கு நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து பி.எஃப். இது உதவித்தொகை இல்லை, உங்கள் சொந்தச் சேமிப்பு. உங்கள் பி.எஃப். சம்பளம் 15,000 என்று வைத்துக்கொண்டால், உங்கள் பங்கு 1,800. முதலாளி பங்கில் 1,250 பென்ஷனுக்குப் போய், 550 பி.எஃப்.புக்கு வரும். மாதம் 2,350. நாற்பது மாதத்துக்கு 94,000. வட்டியோடு ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும். 9966044425 என்ற எண்ணுக்கு, பதிவு செய்த போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், இருப்பு குறுஞ்செய்தியாக வரும். நான் சொன்ன கணக்குக்கும் அதற்கும் ரொம்ப தூரம் என்றால் பாஸ்புக்கைத் திறந்து மாதம் மாதமாகப் பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்ட ஒப்பந்தக்காரர்கள் உண்டு. அது வெறும் பாக்கி இல்லை, குற்றம். மாதத்தைக் குறிப்பிட்டு பி.எஃப். அமைப்பின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் போடலாம், 14470க்கும் அழைக்கலாம்.

எவ்வளவு எடுக்கலாம் என்பதில்தான் இப்போது நிறையக் குழப்பம். ‘ஒரு மாசத்துல 75 சதவீதம், ரெண்டு மாசத்துல முழுசும்’ என்று யூடியூபில் சொல்கிறார்களே, அது 2018 டிசம்பரில் வந்த விதி. 2025 அக்டோபர் 13ஆம் தேதி பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு வேறு முடிவு எடுத்தது: வேலை போனதும் 75 சதவீதம் எடுக்கலாம், மீதி 25 சதவீதத்துக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும், பென்ஷன் பணத்தை எடுக்க 36 மாதம். ஆகவே உங்கள் குடும்பக் கணக்கை 75 சதவீதத்தை வைத்தே போடுங்கள். முழுப் பணமும் தீபாவளிக்குள் வந்துவிடும் என்று யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

பென்ஷன் பங்கைத் தொடாதீர்கள் என்பது என் கட்சி. பத்து வருட சேவை இருந்தால்தான் மாதாந்திரப் பென்ஷன். உங்கள் மூன்று வருடத்தை அடுத்த கம்பெனிக்கு மாற்றினால் அது கூடிக்கொண்டே போகும். இன்னொரு காரணமும் உண்டு. மொத்த சேவை ஐந்து வருடம் ஆகும் முன் கணக்கை முடித்து 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால், பான் இணைத்திருந்தாலே 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். வரி கட்டும் அளவு வருமானம் இல்லை என்ற உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். கொடுக்க மறந்தவர்கள் பின்னால் கணக்குத் தாக்கல் செய்து அலைகிறார்கள்.

பணம் வராமல் நிற்பதற்கு முக்கியமான காரணம் ஒன்று சொல்கிறேன், வடநாட்டுக்காரர்களுக்கு இது அவ்வளவாகப் புரியாது. நம் இனிஷியல்! ஆதாரில் ‘முருகன் செ’. பானில் ‘செல்வராஜ் முருகன்’. பி.எஃப்.பில் ‘எஸ். முருகன்’. வங்கியில் வெறும் ‘முருகன்’. நான்கும் ஒரே ஆள்தான் என்று ஊருக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் என்று கேட்ட இடத்தில் அப்பா பெயரை எழுதினோம் அல்லவா, அதன் விளைவு. 2017 அக்டோபருக்குப் பிறகு வாங்கிய, ஆதாரோடு சரிபார்த்த யு.ஏ.என். (கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) என்றால் பெயர், பிறந்த தேதி போன்றவற்றை முதலாளி ஒப்புதல் இல்லாமல் நீங்களே திருத்தலாம். 2025 ஜனவரியில் வந்த வசதி இது. உங்களுடையது மூன்று வருடத்துக்கு முன் வாங்கியதாக இருந்தால் இதில் அடங்கும். பழைய கம்பெனி ஏதாவது முன்பே எண் வாங்கியிருந்தால் அந்தத் தேதியைப் பாருங்கள். முதலில் ஆதாரைச் சரியாக்குங்கள், மற்றதெல்லாம் அதைப் பார்த்து ஒத்துப்போகட்டும். வரிசை மாறினால் இரண்டு தடவை அலைய வேண்டியிருக்கும்.

வேலையை விட்டுப் போன தேதியை ஒப்பந்தக்காரர் பதியவில்லை என்றால், கடைசிச் சந்தாவிலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே பதியலாம். 2020லிருந்தே உள்ள வசதி. அதைச் செய்துகொடுக்க ஆயிரம் ரூபாய் வாங்கும் கடைகள் இருக்கின்றன. காசோலையைப் படமெடுத்து ஏற்றும் தொல்லையும் 2025 ஏப்ரலோடு போய்விட்டது. மொத்தத்தில் ஆதாரில் இணைத்த போன் எண் உங்கள் கையில் இருந்தால் போதும்.

திருடனுக்கும் அந்த போன்தான் வேண்டும்.

என்னோடு வேலை பார்த்த ஒரு வெல்டர். படப்பையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது அழைப்பு வந்திருக்கிறது. மரியாதையான தமிழ். ‘சார், பி.எஃப். ஆபீஸ்லேருந்து பேசறோம். உங்க க்ளெய்ம் நிக்குது. பேர்ல மிஸ்மேட்ச் காட்டுது.’ அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மையிலேயே பெயரில் குழப்பம் இருந்தது! எப்படித் தெரிந்தது என்று யோசிக்கத் தோன்றவில்லை. நான் மேலே சொன்னேனே, தமிழ்நாட்டில் பத்துப் பேருக்கு அழைத்து ‘பெயரில் பிரச்சினை’ என்றால் பாதிப் பேருக்கு இருக்கும். கிளி ஜோசியக்காரர் ‘உனக்கு ஒரு மனக்கஷ்டம் இருக்கு’ என்று தொடங்குவது மாதிரிதான். சரிசெய்ய ஒரு செயலி அனுப்புகிறேன் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. கோப்பு, அதாவது போனில் செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு, வந்தது. சின்னமாகச் சிங்கமுகத் தூண். திறந்ததும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தான். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவனுக்குத் தெரியும், சொல்லவும் இல்லை. சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் அந்தச் செயலி ஒவ்வொரு ஓ.டி.பி.யையும் அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தது. டீ ஆறுவதற்குள் கணக்கில் இருந்தது போய்விட்டது, மனைவி நகையை வைத்து வாங்கிய 62,000. பி.எஃப். பணம் அப்படியே பத்திரமாக இருந்தது, அதைத்தான் அவர்கள் தொடவே இல்லை.

அவன் செய்த பெரிய தப்பு செயலியைத் திறந்தது இல்லை. வெட்கப்பட்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைத்தால், பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு ஓடும் முன் வங்கிகள் அதைப் பிடித்து நிறுத்த முடியும். இரண்டு நாள் கழித்து அழைத்தபோது அது பல கைகள் தாண்டியிருந்தது. அப்படி நடந்தால் முதலில் போனில் இணையத்தை நிறுத்துங்கள், வேறு போனிலிருந்து 1930க்கும் வங்கிக்கும் அழையுங்கள், பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். அழுகை அப்புறம்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. அலுவலகத்திலிருந்து உங்கள் ஓ.டி.பி., கடவுச்சொல், ஏ.டி.எம். எண் எதையும் போனில் கேட்கமாட்டார்கள். வாட்ஸ்அப்பில் செயலி அனுப்பமாட்டார்கள். திரையைப் பகிரச் சொல்லமாட்டார்கள். பணம் உங்களுக்கு வருவதற்கு யு.பி.ஐ. பின் எண் போடத் தேவையே இல்லை, பின் எண் கேட்டால் பணம் போகப் போகிறது என்று அர்த்தம். உண்மையைச் சொன்னால், அந்த அலுவலகங்கள் நாம் பத்துத் தடவை அழைத்தாலே எடுக்க யோசிப்பவை. அவர்களாகக் கூப்பிட்டு ‘சார், உங்க பணம் நிக்குது’ என்று கவலைப்பட்டால் அப்போதே சந்தேகம் வரவேண்டும்.

பிரவுசிங் சென்டர் ஏஜெண்டுகளைத் திருடர் என்று ஒரேயடியாகச் சொல்லமாட்டேன். நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு உங்கள் கண் முன்னால் படிவம் நிரப்பித் தருபவரிடம் போவதில் தப்பில்லை. ஆனால் ‘வர்ற பணத்துல பத்து சதவீதம் குடுங்க’ என்பவரிடமும், ‘போனைக் குடுத்துட்டு சாயந்திரம் வாங்க’ என்பவரிடமும் போகாதீர்கள். வேலை முடிந்ததும் வாசலைத் தாண்டும் முன் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஆதாரில் கைரேகைப் பூட்டு என்று ஒரு வசதி இருக்கிறது, அதையும் போட்டுவையுங்கள்.

மாநில அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது சொல்வார்கள் என்பதால் ஒரு வரி. பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பிளஸ் 2க்கு 400, பட்டத்துக்கு 600. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 72,000க்குள் இருக்க வேண்டும். சம்பளத்தில் இருந்த உங்களுக்கு இப்போதைக்கு இது ஒத்துவராது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு வருடப் பதிவு போதும், வருமான வரம்பும் இல்லை. வீட்டில் யாராவது இருந்தால் விசாரியுங்கள்.

இனி வரப்போகும் தூண்டில்கள். வேலை தேடும் தளங்களில் உங்கள் எண்ணைப் போட்ட நாளிலிருந்து அவை வரும். டெலிகிராமில் ஓட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டால் பணம் என்பார்கள். முதலில் 150, 300 என்று உண்மையிலேயே தருவார்கள். பிறகு ‘ப்ரீபெய்ட் டாஸ்க்’ என்று உங்கள் பணத்தைக் கட்டச் சொல்வார்கள், அங்கே முடிந்தது கதை. நேர்காணலுக்கு முன்பே சீருடைக்கு, பயிற்சிக்கு, மருத்துவப் பரிசோதனைக்கு என்று கட்டணம் கேட்கும் வேலை, வேலை இல்லை.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. ‘உன் பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, ஒரு சிம் குடு. மாசம் பத்தாயிரம் தரேன், நீ ஒண்ணும் செய்யவேண்டாம்.’ வேலை இல்லாத பையன்களைத் தேடித்தான் இதைக் கேட்கிறார்கள். அந்த வெல்டரின் 62,000 அப்படி ஒருவர் வாடகைக்குக் கொடுத்த கணக்கு வழியாகத்தான் ஓடியது. போலீஸ் முதலில் தட்டுவது அந்தக் கணக்குக்காரர் வீட்டுக் கதவை. மற்ற திருட்டில் பணம்தான் போகும், இதில் நீங்களே குற்றவாளி ஆகிவிடுவீர்கள்.

வெளிநாடு என்றால் இன்னும் கவனம். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, கைநிறையச் சம்பளம் என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பக்கம் அடைத்துவைத்து, மற்றவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்யவைத்த கதை 2022ல் வெளிவந்தது. நம் ஊர்ப் பையன்களும் அதில் சிக்கி மீட்கப்பட்டார்கள். கம்போடியாவிலும் இதே கதை. ஏஜென்சி பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் போகாதீர்கள். மாநில அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கே பதிந்துவையுங்கள்.

கடைசியாக, வீட்டில் சொல்லவில்லை என்றீர்களே. இன்று ராத்திரி சொல்லிவிடுங்கள். அறிவுரைக்காகச் சொல்லவில்லை, இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை நீங்கள் கட்டிய சந்தா 78 நாளைத் தாண்டிவிட்டது. அந்தச் சந்தாவுக்குப் பலன் கிடைக்கும் ‘பயன் காலம்’ வரும் ஜனவரி முதல் ஜூன் வரை. அதாவது வேலை போனாலும் அடுத்த ஜூன் 30 வரை உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவம் உண்டு. வேலை போனது தெரியாமல் அவர் வழக்கம்போல இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போவார், யாராவது ‘உங்க வீட்டுக்காரர் வேலையை விட்டுட்டாராமே, கார்டு செல்லாது’ என்று சொன்னால் அழுதுகொண்டே திரும்பி வந்துவிடுவார். தெரிந்திருந்தால் ‘ஜூன் வரைக்கும் இருக்கு, பார்த்துச் சொல்லுங்க’ என்று நின்று கேட்பார். அட்டையை அவர் பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.